ரவுட்டர்ல போர்ட் திறந்தாச்சு, ஆனா கடை கேமரா வெளியில இருந்து தெரியல

திருப்பாப்புலியூர்_ஹார்டுவேர்

வணக்கம். கடலூர் திருப்பாப்புலியூர்ல ஹார்டுவேர் கடை வெச்சிருக்கேன். கடையில நாலு கேமரா, பின்னாடி குடோன்ல ரெண்டு, எட்டு சேனல் டிவிஆர் (படத்தைப் பதியுற பெட்டி). இத்தனை நாளா வீட்ல இருந்தே போன்ல பாத்துக்கிட்டிருந்தேன். போன மாசம் பழைய இணைப்பை எடுத்துட்டு வேற கம்பெனி ஃபைபர் போட்டேன். அன்னையிலேருந்து கடை வைஃபைல இருந்தா படம் வருது, தெருவுக்கு வந்துட்டா "டிவைஸ் ஆஃப்லைன்"ங்குது.

கேமரா போட்டுக் குடுத்த பையனைக் கூப்பிட்டேன். ரவுட்டருக்குள்ள போய் 80, 554, 8000 மூணு போர்ட்டையும் (வெளிய இருந்து உள்ள வர்ற நம்பர் வாசல்) டிவிஆருக்கு ஃபார்வர்டு பண்ணினார். வரல. அப்புறம் டிஎம்இசட்னு ஒண்ணை ஆன் பண்ணி டிவிஆர் ஐபியை அதுல போட்டுட்டு, "இதுக்கும் வரலன்னா லைன் கோளாறு தான் சார், இன்டர்நெட்காரங்களைக் கேளுங்க"ன்னுட்டுக் கிளம்பிட்டார். கஸ்டமர் கேர்ல கேட்டா எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்கறாங்க.

சிமென்ட், கம்பி லோடு இறங்குறது ராத்திரி பத்து மணிக்கு மேல. கதவு திறந்துவிட ஆள் இருக்கார், இருந்தாலும் மூட்டை எண்ணிக்கையை நான் ஒரு கண் பாக்கணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லாஸ்பேட்டை_நெட்வொர்க்

அண்ணே, மத்ததெல்லாம் அப்புறம். இப்பவே ரவுட்டருக்குள்ள போய் அந்த டிஎம்இசட்டை ஆஃப் பண்ணுங்க. ஃபார்வர்டு பண்ணினா குறிப்பிட்ட போர்ட் மட்டும் தான் டிவிஆருக்குப் போகும். டிஎம்இசட்ல போட்டா வெளிய இருந்து வர்றது அத்தனையும் நேரா டிவிஆர் தலையில தான் விழும். டிவிஆர் அதைத் தாங்குறதுக்காகச் செஞ்ச பொருள் கிடையாது.

அதை முடிச்சுட்டு ரெண்டு நம்பர் பாத்துச் சொல்லுங்க. ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்துல டபிள்யூஏஎன் ஐபின்னு ஒரு வரி இருக்கும் (கம்பெனி உங்க ரவுட்டருக்குக் குடுத்த முகவரி), அது எதுல ஆரம்பிக்குதுன்னு பாருங்க. அதே வைஃபைல இருந்துக்கிட்டு போன் பிரவுசர்ல "என் ஐபி என்ன"ன்னு தேடினா ஒரு நம்பர் காட்டும். ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா? முழு நம்பரை இங்க போட வேண்டாம், முதல் ரெண்டு பகுதி போதும்.

திருப்பாப்புலியூர்_ஹார்டுவேர்

டிஎம்இசட் ஆஃப் பண்ணிட்டேன் தம்பி. ஸ்டேட்டஸ் பக்கத்துல 100.83-ன்னு ஆரம்பிக்குது. பிரவுசர்ல 103-ன்னு வேற ஏதோ வருது. நேத்து 103-க்கு அப்புறம் இருந்த நம்பரும் இன்னைக்கு மாறியிருக்கு.

லாஸ்பேட்டை_நெட்வொர்க்

நினைச்சேன். லைன்லயும் கோளாறு இல்ல, அந்தப் பையன் போட்ட செட்டிங்லயும் தப்பு இல்ல. நீங்க இருக்கிறது சிஜிநாட்டுக்குப் பின்னாடி.

ஐபிவி4-ங்கற பழைய முறை இன்டர்நெட் முகவரி உலகத்துக்கே மொத்தம் 430 கோடி தான். 2011 பிப்ரவரியிலேயே மத்தியில இருந்த கையிருப்பு தீர்ந்துபோச்சு. அதனால இன்டர்நெட் கம்பெனிங்க ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்து விடுறாங்க, அதுக்குப் பேர் தான் சிஜிநாட். அதுக்குன்னே 2012-ல தனியா ஒதுக்கின வரிசை தான் 100.64-ல ஆரம்பிச்சு 100.127 வரைக்கும். உங்க 100.83 அதுக்குள்ள வருது. ஒரே கதவிலக்கத்துல பத்து குடித்தனம் இருக்கிற ஸ்டோர் வீடு மாதிரி வெச்சுக்கங்க. உள்ள இருக்கிறவங்க யார் வேணா வெளிய போய் வரலாம், வெளியாளு வந்து நின்னா எந்தக் குடித்தனத்துக்குன்னு யாருக்கும் தெரியாது. உங்க ரவுட்டர்ல எந்த போர்ட்டைத் திறந்தாலும், அதுக்கு முன்னாடி கம்பெனியோட பெட்டி ஒண்ணு நிக்குது. அதுல உங்க கை போகாது.

பழைய இணைப்புல உங்களுக்குப் பொது ஐபி கிடைச்சிருக்கும், அதனால ஓடிச்சு. வெளிய இருந்து வருதா இல்லையான்னு எப்பவுமே மொபைல் டேட்டாவுல தான் சோதிக்கணும்ங்கறதையும் சேத்துச் சொல்லிடறேன். வீட்டு வைஃபைல இருந்துக்கிட்டே வெளி ஐபியை அடிச்சா பல ரவுட்டர் அதைத் திருப்பி உள்ள விடாது. எல்லாம் சரியா இருந்தாலும் வரலன்னு தோணும்.

வில்லியனூர்_சிசிடிவி

பதினஞ்சு வருஷத்துக்கு மேல இந்தத் தொழில்ல இருக்கேன், வில்லியனூர்லேருந்து பாகூர் வரைக்கும் கேமரா போட்டிருக்கேன். இதுக்கு இவ்வளவு சுத்த வேண்டாம். கம்பெனிகிட்ட ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) கேளுங்க, மாசம் கொஞ்சம் கூடப் பணம் வாங்குவாங்க, அவ்வளவு தான். அதே போர்ட் ஃபார்வர்டு வேலை செய்யும். வெளி போர்ட்டை 8000-க்குப் பதிலா 48000-ன்னு ஏதாவது மாத்திக்கங்க, பாஸ்வேர்டு பலமா வைங்க. என் கஸ்டமர் நிறையப் பேர் இப்படித்தான் பாக்கிறாங்க.

ஆப்ல கியூஆர் ஸ்கேன் பண்ணிப் பாக்கிற பி2பி வேணாம்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. உங்க டிவிஆர் எந்நேரமும் கேமரா கம்பெனி சர்வரோட பேசிக்கிட்டே இருக்கும். அந்த சர்வர் எந்த நாட்டுல இருக்கு, யார் கையில இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. போர்ட் திறந்தா உங்க போனுக்கும் உங்க டிவிஆருக்கும் நடுவுல மூணாவது ஆள் இல்ல.

லாஸ்பேட்டை_நெட்வொர்க்

வில்லியனூர் அண்ணே, பி2பி பத்தி நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு, அதுக்கு வர்றேன். ஆனா போர்ட் திறந்தா நடுவுல ஆள் இல்லைங்கறதை ஒத்துக்க முடியல. நடுவுல ஆள் இல்ல சரி, வாசல்ல உலகமே நிக்குதே.

48000-க்கு மாத்தினா யாருக்கும் தெரியாதுன்னு நெனைக்கிறோம். 2013-லயே ஸிமேப்னு ஒரு கருவியை மிச்சிகன் பல்கலைக்கழகத்துல செஞ்சாங்க. ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர், ஒரு ஜிகாபிட் லைன், ஒரு போர்ட் நம்பர் — மொத்த ஐபிவி4 உலகத்தையும் முக்கால் மணி நேரத்துக்குள்ள தட்டிப் பாத்துரும். ஷோடான் மாதிரித் தளங்கள் வருஷக்கணக்கா இதே வேலையைச் செஞ்சு, எந்த ஐபில எந்த மாடல் டிவிஆர் இருக்குன்னு தேடக் குடுக்குது. போர்ட் நம்பரை மாத்துறது கொஞ்ச நாள் தள்ளிப்போடுறது, அவ்வளவு தான்.

ரெட்டியார்பாளையத்துல ஒரு மெடிக்கல் ஷாப் டிவிஆரைத் திறந்து லாக் பாத்தேன். இப்ப சொன்ன மாதிரியே ஸ்டாட்டிக் ஐபி, மாத்தின போர்ட். திரை முழுக்க "இல்லீகல் லாகின்". முதல்ல அட்மின், அடுத்து ரூட், அடுத்து 888888, அடுத்து கெஸ்ட். சில செகண்டுக்கு ஒரு தடவை, ராத்திரி பூரா. ஒவ்வொண்ணுக்கும் நேரே ஒரு ஐபி, எதுவும் நம்ம ஊர் ஐபி இல்ல. கடைக்காரர் பாவம், கேமரா தான் அப்பப்ப ஹேங் ஆகுதுன்னு கூப்பிட்டிருந்தார்.

பாஸ்வேர்டு பலமா இருந்தா போதுமேன்னு கேப்பீங்க. 2021 செப்டம்பர்ல கேமரா செய்யுற ஹிக்விஷன் கம்பெனியே வெளியில சொன்ன ஓட்டை ஒண்ணு இருக்கு, பதிவு எண் சிவிஇ-2021-36260. வெப் போர்ட் வெளிய தெரிஞ்சா போதும், யூசர்நேமும் வேணாம் பாஸ்வேர்டும் வேணாம், உள்ள கட்டளையே ஓட்டலாம். பத்துக்கு 9.8 அபாய மதிப்பெண். அதே வருஷம் டாஹுவாவுலயும் லாகினையே தாண்டிப் போற ஓட்டை வந்துச்சு. ரெண்டு கம்பெனியும் திருத்தின ஃபர்ம்வேர் (பெட்டிக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) விட்டாங்க. யார் போட்டா? கடையில மாட்டினதுக்கு அப்புறம் ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குன்னு ஒரு ஆள் ஏணி எடுத்துட்டு வர்றதை நான் பாத்ததே இல்ல.

வில்லியனூர்_சிசிடிவி

தம்பி சொல்றது புரியுது. ஆனா ஃபீல்டுல நடக்கிறதையும் சொல்றேன், கேளுங்க. ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணப்போய் நடுவுல கரண்ட் போனா டிவிஆர் செத்துரும், அந்தக் காசை நான் தான் குடுக்கணும். பாஸ்வேர்டு கஷ்டமா வெச்சா கஸ்டமர் ஒரே மாசத்துல மறந்துடுவார். ரீசெட்டுக்கு ஃபைல் எடுத்து கம்பெனிக்கு அனுப்பி, பதில் வர்ற வரைக்கும் தினம் எனக்கு ஏழெட்டு போன். அதனால தான் பல பேர் எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு வெச்சுடறாங்க. அது சரின்னு நான் சொல்லல. ஏன் அப்படி ஆகுதுன்னு சொல்றேன்.

நான் இப்ப செய்யறது என்னன்னா, கஸ்டமர் கையாலேயே பாஸ்வேர்டை டைப் பண்ண வெப்பேன். அதைப் பேப்பர்ல எழுதி அவங்க கரண்ட் பில் ஃபைல்ல வைக்கச் சொல்லுவேன். எந்த வீட்டுலயும் அந்த ஃபைல் தொலையறதில்ல.

செம்மண்டலம்_டீச்சர்

இதைப் படித்ததும் எனக்கு வேறு ஒரு கவலை வந்துவிட்டது. வீட்டு ஹாலில் ஒரு கேமரா வைத்திருக்கிறோம், மாமியார் தனியாக இருப்பார் என்பதற்காக. நானும் என் கணவரும் ஆப்பில் பார்ப்போம். கேமரா போட்டவர் அன்று தன் போனில்தான் முதலில் எல்லாவற்றையும் சேர்த்தார், பிறகு எங்களுக்கு "ஷேர்" அனுப்பினார். அப்படியானால் அவரால் இன்றைக்கும் எங்கள் ஹாலைப் பார்க்க முடியுமா? அவர் நல்ல மனிதர், சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் இல்லையா?

லாஸ்பேட்டை_நெட்வொர்க்

முடியும் டீச்சர். இந்த இழையில வந்ததுலயே முக்கியமான கேள்வி இது தான்.

பி2பி ஆப்ல ஒரு டிவிஆர் ஒரு கணக்குக்குத் தான் சொந்தம். முதல்ல யார் போன் நம்பர்ல சேத்தாங்களோ அவர் தான் ஓனர், மத்தவங்க எல்லாம் அவர் ஷேர் பண்ணினதைப் பாக்கிறவங்க. உங்க வீட்டுக் கேமராவுக்கு, ஆப் கணக்குப்படி, ஓனர் அவர். அவர் நல்லவராவே இருக்கட்டும். அவர் போன் நாளைக்குத் தொலையலாம், கடைப் பையன் கையில இருக்கலாம், எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்கா இருந்தா அந்த ஒரு பாஸ்வேர்டு கசிஞ்சா எல்லா வீடும் சேந்து போகும்.

அவரை மரியாதையா கூப்பிட்டு, "எங்க நம்பருக்கு மாத்திக் குடுங்க"ன்னு கேளுங்க. அவர் தன் ஆப்ல இருந்து டிவைஸை நீக்கணும், அதுக்கப்புறம் நீங்க உங்க நம்பர்ல சேக்கணும். அவர் நீக்காம நீங்க சேக்க முயற்சி பண்ணினா "வேற கணக்குல இருக்கு"ன்னு வரும். சேத்ததும் அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. படத்தை மறையாக்குற வெரிஃபிகேஷன் கோடுன்னு தனியா ஒண்ணு இருந்தா அதையும் மாத்துங்க, ஏன்னா அது பல பெட்டியில ஸ்டிக்கர்லயே அச்சடிச்சிருக்கும். யூசர் பட்டியல்ல அட்மினைத் தவிர வேற பேர் இருக்கான்னும் பாத்துடுங்க.

2025 பிப்ரவரியில ராஜ்கோட்டுல ஒரு மகப்பேறு மருத்துவமனையோட கேமராப் படங்கள் யூடியூப்லயும் டெலிகிராம்லயும் வந்தது. பெண்களைப் பரிசோதிக்கிற அறை. விற்பனைக்கு வெச்சிருந்தாங்க. அந்த மாதிரி இடத்துல கேமரா இருந்ததே தப்பு, அது தனி. ஹால் கேமராவைக் கூட வாசல் கதவைப் பாக்கிற மாதிரி திருப்பி வைக்க முடியுமான்னு யோசிங்க டீச்சர். பாட்டி எழுந்து நடமாடுறாங்களான்னு தெரிய அது போதும், அவங்க உக்காந்திருக்கிற நாற்காலி தெரிய வேண்டியதில்ல.

செம்மண்டலம்_டீச்சர்

மாமியாரிடமே கேட்டேன். "கதவைப் பாத்த மாதிரி வெச்சுடும்மா, நான் நைட்டியோட உக்காந்திருப்பேன்" என்றார். இத்தனை நாள் அவர் வாய் திறந்து சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. இன்று மாலையே திருப்பிவிடுகிறோம். கணக்கை மாற்றித்தரச் சொல்லி கேமரா போட்டவரிடம் பேசினேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

பாரிஸ்_முத்தியால்பேட்டை

நான் பாரிஸ் பக்கம் சார்செல்ல இருக்கேன். அப்பா அம்மா புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுல. திருப்பாப்புலியூர் அண்ணனுக்கு இருக்கிற அதே பிரச்சினை எனக்கும், நானும் 100 வரிசை தான். பி2பி தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி, வாசல் கேமராவுல தெருத்தண்ணி படி ஏறுறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் கரண்ட் போச்சு, படமும் போச்சு. அப்பா போனும் சார்ஜ் இல்லாம ஆஃப். கரண்ட் வந்ததுக்கு அப்புறமும் வீட்டு டிவியில கேமரா வரல. பக்கத்து வீட்டுத் தம்பி போய்ப் பாத்தா, ரவுட்டர் டிவிஆருக்கு வேற ஐபி குடுத்திருந்துச்சு, வீட்டு டிவியில இருந்த ஆப் பழைய ஐபியைத் தேடிக்கிட்டிருந்துச்சு. இங்க இருந்துக்கிட்டு இதையெல்லாம் சரி பண்ற மாதிரி ஒரு வழி இருக்கா? ஆகஸ்ட் வகான்ஸுக்கு (லீவுக்கு) ஊருக்கு வருவேன், அப்ப செஞ்சு வெச்சுட்டு வந்துடலாம். அப்பாவுக்கு 74 வயசு, ரவுட்டருக்குள்ள போகச் சொல்ல முடியாது.

லாஸ்பேட்டை_நெட்வொர்க்

ஐபி மாறுற சங்கதி எல்லாருக்கும் பொது. ரவுட்டர்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன்னு இருக்கும். டிவிஆரோட மேக் முகவரியை (பெட்டிக்கு ஃபேக்டரியிலேயே குடுத்த நம்பர்) குடுத்து, இந்தப் பெட்டிக்கு எப்பவும் இந்த ஐபி தான்னு எழுதி வெச்சுட்டா கரண்ட் எத்தனை தடவை போய் வந்தாலும் மாறாது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், டிவிஆர் மூணும் ஒரே யூபிஎஸ்ல இருக்கணும். ரவுட்டர் மட்டும் இருந்து கேமரா அடாப்டர் செத்துட்டா பிரயோஜனம் இல்ல, கேமராவுக்குப் போற 12 வோல்ட் சப்ளையும் அதுலயே வரணும்.

இப்ப வெளிய இருந்து பாக்கிற வழி. ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்றேன்.

கேமராவை இன்டர்நெட்டுக்குக் காட்டவே கூடாது. உங்க போன் வீட்டு நெட்வொர்க்குக்குள்ள வரணும். அதுக்குப் பேர் தான் விபிஎன். பொது ஐபி இருக்கிறவங்க வயர்கார்டுங்கற விபிஎன் சாஃப்ட்வேர் போடலாம், பல ரவுட்டர்ல இப்ப அதுவே இருக்கு, யூடிபி 51820 ஒரே ஒரு போர்ட். அதுவும் போர்ட் தானேன்னு வில்லியனூர் அண்ணன் கேப்பார். டிவிஆரை யார் தட்டினாலும் அது லாகின் பக்கத்தைக் காட்டும். வயர்கார்டு சரியான சாவியில்லாம வர்ற பாக்கெட்டுக்குப் பதிலே சொல்லாது. ஸ்கேன் பண்றவனுக்கு அந்த இடத்துல எதுவுமே இருக்கிற மாதிரி தெரியாது.

சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருக்கிறவங்களுக்கு அந்த ஒரு போர்ட்டும் எட்டாது. டெயில்ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, உள்ளுக்குள்ள அதே வயர்கார்டு தான். வீட்டுப் பக்கம் ஒரு கருவி, உங்க போன், ரெண்டும் உள்ளேயிருந்து வெளிய கூப்பிட்டுச் சந்திச்சுக்கும். அதனால ரவுட்டர்ல எந்த போர்ட்டும் திறக்க வேண்டாம். நேரா சேர முடியலன்னா அவங்க ரிலே (நடு சர்வர்) வழியா போகும், கொஞ்சம் மெதுவா வரும். அப்பவும் நடுவுல இருக்கிறவங்களால உள்ள என்ன போகுதுன்னு படிக்க முடியாது, சாவி உங்க கருவிகள்ல தான் இருக்கு. தனிநபருக்கு இலவசத் திட்டம் உண்டு. பி2பி பத்தி வில்லியனூர் அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில் இது தான்.

டிவிஆர்ல அந்த ஆப்பைப் போட முடியாது. அதனால எப்பவும் ஓடுற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வேணும், ராஸ்பெரி பை போதும். அதைச் சப்நெட் ரவுட்டரா வெச்சா, வீட்டு நெட்வொர்க்குல இருக்கிற டிவிஆரை அதோட வீட்டு ஐபியிலேயே எங்கிருந்தும் திறக்கலாம்.

பாரிஸ் தம்பிக்குத் தனியா ஒண்ணு. உங்க வீட்டு பாக்ஸ் (ரவுட்டர்) ஆரஞ்ச் கம்பெனியோட லைவ்பாக்ஸா இருந்தா அது 192.168.1 வரிசை. முத்தியால்பேட்டை ரவுட்டரும் அனேகமா அதே வரிசை. ரெண்டு பக்கமும் ஒரே வரிசையா இருந்தா, 192.168.1.64-ன்னு நீங்க அடிக்கிறது சார்செல் வீட்டுல தேடும், ஊருக்குப் போகாது. ஊருக்கு வந்ததும் முதல்ல அப்பா வீட்டு ரவுட்டரை 192.168.57-ன்னு எதையாவது வெச்சு மாத்திட்டு அப்புறம் மத்த வேலையை ஆரம்பிங்க.

நெல்லிக்குப்பம்_தம்பி

அண்ணா, ஐபிவி6-ங்கற புது முறை முகவரியில சிஜிநாட்டே கிடையாதே? எங்க வீட்டு ஃபைபர்ல ஐபிவி6 வருது, என் மொபைல்லயும் வருது. டிவிஆருக்கே ஒரு பொது முகவரி கிடைக்கும்னா நேரா பாக்கலாம் இல்லையா?

லாஸ்பேட்டை_நெட்வொர்க்

பாக்கலாம் தம்பி, அங்க தான் ஆபத்தும். ஐபிவி6-ல ஒரே முகவரிக்குப் பின்னாடி எல்லாப் பெட்டியையும் மறைக்கிற நாட் கிடையாது, ரவுட்டரோட ஃபயர்வால் மட்டும் தான் காவல். அதைத் திறந்துவிட்டா மறுபடி டிவிஆர் வெளிய வந்து நிக்குது. முகவரி பரப்பு ரொம்பப் பெரிசு, ஐபிவி4 மாதிரி மொத்தமா ஸ்கேன் பண்ண முடியாதுங்கறது உண்மை, ஆனா அதை நம்பி வீட்டுக் கேமராவைத் திறக்க மாட்டேன். உனக்கு ஆர்வம் இருந்தா ஐபிவி6 வழியா வயர்கார்டை மட்டும் திற, அருமையா ஓடும். பாக்கிற பக்கமும் ஐபிவி6 இருக்கணும், அதை மறந்துடாத.

திருப்பாப்புலியூர்_ஹார்டுவேர்

பில்லிங் கம்ப்யூட்டர் கடையில இருக்கு, அதுல போட்டா ஆகாதா? இன்னொண்ணு, ரவுட்டர்ல யூபிஎன்பின்னு ஒரு பக்கம் பாத்தேன். நானும் எழுதல, அந்தப் பையனும் எழுதலங்கறார், ஆனா டிவிஆர் ஐபிக்கு நேரா மூணு வரி இருக்கு. யார் எழுதினது?

லாஸ்பேட்டை_நெட்வொர்க்

உங்க டிவிஆரே எழுதினது அண்ணே. யூபிஎன்பி ஆன்ல இருந்தா உள்ள இருக்கிற எந்தப் பெட்டியும் யாரையும் கேக்காம ரவுட்டர்ல போர்ட் திறந்துக்கலாம். ரவுட்டர்லயும் ஆஃப் பண்ணுங்க, டிவிஆர் நெட்வொர்க் மெனுலயும் ஆஃப் பண்ணுங்க. பையன் போட்ட மூணு ஃபார்வர்டையும் அழிச்சுடுங்க. சிஜிநாட் தான் இருக்கே, கிடந்துட்டுப் போகட்டும்னு விட வேண்டாம். நாளைக்குக் கம்பெனி மாத்தி பொது ஐபி வந்தா அந்த வரி அப்படியே உயிர் பெறும்.

பில்லிங் கம்ப்யூட்டர்ல போடலாம், விண்டோஸ்லயும் சப்நெட் ரவுட்டர் ஓடும். ஆனா கடை மூடும்போது அதை ஆஃப் பண்ணுவீங்க இல்ல? உங்க லோடு வர்றதே அதுக்கப்புறம் தான்.

அதுவரைக்கும் இன்னைக்கு ராத்திரிக்கு பி2பியை ஆன் பண்ணிக்கங்க, உங்க நம்பர்ல, உங்க பாஸ்வேர்டுல. டீச்சருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

வில்லியனூர்_சிசிடிவி

ஹார்டுவேர் சார், ஒரு விஷயம் சொல்லட்டுமா. குடோன் கேமரா பிஎன்சி முனையை (கேபிளைப் பெட்டியில மாட்டுற முனை) கழட்டிப் பாருங்க. கடலூர் காத்துக்குப் பச்சை பூத்திருக்கும். படத்துல கோடு ஓடுறதுக்கும் ராத்திரி கருப்பாகுறதுக்கும் பாதி நேரம் அது தான் காரணம், ஜனங்க இன்டர்நெட்டைத் திட்டிக்கிட்டிருப்பாங்க. முனையை வெட்டிப் புதுசு போட்டு, ஜாயின்ட் பாக்ஸுக்குள்ள வெச்சு மூடுங்க.

புதுசா கேமரா வாங்குறதா இருந்தா எஸ்டிக்யூசி (மத்திய அரசோட தரச் சோதனை அமைப்பு) சோதனையில பாஸான மாடலான்னு கேட்டு வாங்குங்க. 2025 ஏப்ரல் 9 முதல் அரசாங்கம் அதைக் கட்டாயமாக்கியிருக்கு. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பாக்கிறவங்க இருக்காங்க.

தம்பி லாஸ்பேட்டை, அந்த ராஸ்பெரி பை முறையை நான் ஒரு கடையில செஞ்சு பாக்கிறேன். கஸ்டமருக்கு மாசாமாசம் ஸ்டாட்டிக் ஐபி காசும் மிச்சம். ஆனா நட்டநடு ராத்திரி நின்னுபோனா யாரைக் கூப்பிடுவாங்க, என்னைத் தானே? நிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க.

லாஸ்பேட்டை_நெட்வொர்க்

இருக்கு அண்ணே, நல்ல வேளை கேட்டீங்க. டெயில்ஸ்கேல்ல ஒவ்வொரு கருவியோட சாவிக்கும் கெடு உண்டு, சும்மா விட்டா 180 நாள். ஆறு மாசம் ஓடிட்டு ஒரு நாள் காலையில திடீர்னு நின்னுரும், யாருக்கும் காரணம் புரியாது. அட்மின் பக்கத்துல அந்த ராஸ்பெரி பைக்கு மட்டும் "கீ எக்ஸ்பைரி"யை நிறுத்தி வைங்க. போனுக்கு நிறுத்த வேண்டாம், அது காலாவதி ஆகுறது நல்லது தான். சப்நெட் வழியை அதே அட்மின் பக்கத்துல அனுமதிக்கணும், அதை விட்டுட்டு கனெக்ட் ஆகுது படம் வரலன்னு தேடுறவங்க நிறைய. கணக்கு கஸ்டமர் மெயில்ல இருக்கணும், உங்க மெயில்ல இல்ல.

திருப்பாப்புலியூர்_ஹார்டுவேர்

பாண்டிச்சேரியில இருக்கிற என் மச்சான் பையன் ராஸ்பெரி பை வாங்கிட்டு வந்து போட்டுக் குடுத்தான், இந்த இழையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே. நேத்து ராத்திரி லோடு இறங்குறதை வீட்டுத் திண்ணையில இருந்து மொபைல் டேட்டாவுல பாத்தேன். போர்ட் எல்லாம் அழிச்சாச்சு, யூபிஎன்பி ஆஃப்.

முதல்ல ஆறு கேமராவும் ஒண்ணா போட்டா விட்டு விட்டு வந்துச்சு. அவன் சப் ஸ்ட்ரீம்னு (தரம் குறைச்ச படம்) மாத்தினான், அப்புறம் சீரா வருது. மூட்டை எண்ணணும்னா அந்த ஒரு கேமராவை மட்டும் மெயின் ஸ்ட்ரீம்ல பெரிசாக்கிக்கறேன்.

பிஎன்சி முனை வில்லியனூர்க்காரர் சொன்ன மாதிரியே பச்சையா இருந்துச்சு, ரெண்டும் மாத்திட்டேன்.

என் போன், சம்சாரம் போன், குடோன் பாத்துக்கிற ஆளோட போன், மூணுலயும் போட்டிருக்கு. அவர் வேலையை விட்டுப் போனாலோ போன் தொலைஞ்சாலோ என்ன பண்ணணும்?

லாஸ்பேட்டை_நெட்வொர்க்

அட்மின் பக்கத்துல மெஷின்ஸ் பட்டியல் இருக்கும், அந்த போன் பேருக்கு நேரா மூணு புள்ளி, "ரிமூவ்". அந்த நொடியே அந்த போனுக்கு வழி அடைஞ்சிரும், மத்த ரெண்டு போனையும் தொட வேண்டியதில்ல. அவர் போன்ல உங்க மெயில்ல லாகின் பண்ணியிருந்தா அதை முதல்ல மாத்துங்க, அவர் மெயிலுக்குத் தனியா அழைப்பு அனுப்பிச் சேருங்க. இல்லன்னா அவர் திரும்ப லாகின் பண்ணிக்கலாம்.

டிவிஆர்லயும் அவருக்கு அட்மின் குடுக்காதீங்க அண்ணே. தனியா ஒரு யூசர் போட்டு, குடோன் ரெண்டு கேமராவுக்கும் லைவ் பாக்க மட்டும் டிக் வைங்க. பிளேபேக், டெலிட், செட்டிங் எல்லாத்துலயும் டிக்கை எடுத்துடுங்க.